தலையணை உறையில் என் முகம்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இன்று நடந்ததை வெளியே சொன்னால் ஒரு ஜீவனும் நம்பாது. அக்கா நம்ப மாட்டாள். அக்கா மகள் நம்பவே மாட்டாள். ஏழாம் எண் சலவை இயந்திரம்கூட நம்பாது, இத்தனைக்கும் அதன் வயிற்றில்தான் நடந்தது. ஆகவே நோட்டே, உனக்குச் சொல்கிறேன். உனக்கு வேறு வழியில்லை.

பூமியின் இந்த மூலையில், முள்வேலிக்குள், பன்னிரண்டாயிரம் அந்நியச் சிப்பாய்கள். அவர்கள் மானத்தைக் காப்பது எது? பீரங்கியா? விமானமா? பதினொரு வருடமாக அவர்கள் உள்ளாடையைத் துவைத்துக் கொடுக்கும் அடியேன்தான். துப்பாக்கி தூக்காமல், சல்யூட் அடிக்காமல், ஒப்பந்தக் கம்பெனியின் சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவே நின்று ஒரு படையையே நடத்துகிறேன். நான் ஒருநாள் லீவு போட்டால் யுத்தமே நாறிப்போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கழுத்தில் எப்போதும் பேட்ஜ் தொங்க வேண்டும், இது முகாமின் முதல் விதி. அதைக் காட்டினால்தான் கதவு திறக்கும், சோறு கிடைக்கும், கட்டில் கிடைக்கும். ஆனால் ஸ்டீம் பிரஸ்ஸின் முன்னால் குனிந்தால் நமக்கு முன்னால் பேட்ஜ் உள்ளே போய்விடும். அதனால் பிரஸ்ஸில் நிற்கும் எல்லோரும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். சூப்பர்வைசருக்குத் தெரியும். மூக்கைச் சொறிந்தபடி அந்தப் பக்கம் பார்ப்பார். இன்று வேர்த்துக் கொட்டியது, சட்டையை மாற்றினேன். கழற்றிய சட்டையை ஏழாம் இயந்திரத்தில் போட்டேன். பேட்ஜோடு.

ஊரார் பையையெல்லாம் தடவிப் பேனா, சாவி, பிள்ளைகளின் போட்டோ, ஒருமுறை ஒரு பல்செட்கூட எடுத்துப் பத்திரப்படுத்திய கை இது. தன் பையைத் தடவ மறந்துவிட்டது.

வெளியே வந்தபோது வாழைச்சருகு மாதிரிச் சுருண்டிருந்தது. அறிவுள்ளவன் என்ன செய்வான்? போய்ச் சொல்வான். சலவைக்காரன்? சுருக்கத்தைக் கண்டால் அவன் கை சும்மா இருக்குமா? நொய்மையான பொருளை நேராகத் தேய்க்கக் கூடாது, மேலே ஒரு துணி போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தத் தொழில்பக்தியோடு ஒரு வெள்ளைத் தலையணை உறையைப் போட்டுப் பிரஸ்ஸை இறக்கினேன். புஸ்ஸ்! பேட்ஜ் பலகை மாதிரி நேராக வந்தது. பெயர் இருக்கிறது. எண் இருக்கிறது. முகத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.

குடியிருப்பு வாசலில் இயந்திரம் சிவப்பு காட்டியது. காவலாள் பேட்ஜைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பேட்ஜைப் பார்த்தான். பிறகு அதைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மார்ச் 4, புதன்

சட்டம் இதுதான். பேட்ஜ் இல்லாதவன் தனியாக ஓர் அடி வைக்கக் கூடாது. பேட்ஜ் உள்ள ஒருவன் எஸ்கார்ட்டாகக் கையெழுத்துப் போட்டு, அவனைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும், குளியலறை வாசல்வரை. எஸ்கார்ட் இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு. எங்கள் கம்பெனியில் இப்போது சும்மா இருப்பவன் ஒருவன்தான்: வேலையை ஒப்படைத்துவிட்டு, சனிக்கிழமை லீவில் போகக் காத்திருக்கும் கேண்டீன் மாஸ்டர். எட்டு மாதமாக என்னோடு பேசாதவன்.

குற்றம் என்னுடையதுதான். போன வருடம் சாப்பாட்டு மேசையில் சும்மா ஒரு வார்த்தை விட்டேன். விமான ஓடுதளத்தில் விரிசலாம், சிமெண்ட் வரத் தாமதமாம், மாஸ்டரின் ரொட்டி நாலை வைத்து அடைத்தார்களாம், அதன்மேல் சரக்கு விமானம் இறங்கியும் ரொட்டியில் ஒரு கீறல் இல்லையாம். நாற்பது பேர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் பெயர் 'ஓடுதளம்'. கதை சிப்பாய்கள்வரை போய்விட்டது.

காலையில் வாசலில் வந்து நின்றான்.

"கையெழுத்து போட்டாச்சு. வாங்க."

"மாஸ்டர், ரொம்ப நன்றி, உங்க பெரிய மனசு—"

"பேச்சு வேணாம்ணே. எஸ்கார்ட் உங்கள பாக்கணும்னுதான் சட்டம். கேக்கணும்னு இல்ல."

மத்தியானம் துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. என் முகம் ஆவியாகியா போயிருக்கும்? அந்தத் தலையணை உறை! பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் பழக்கதோஷத்தில் மடித்து அடுக்கியிருக்கிறேன். வண்டி நேற்றே போய்விட்டது. அதிகாரிகள் குடியிருப்புக்கு, நானூற்றுப் பன்னிரண்டு உறைகள். அதில் ஒன்றில் நான்.

மார்ச் 5, வியாழன்

கழிப்பறை வாசலில் காத்திருந்த மாஸ்டர் ஒரு பாட்டை முணுமுணுத்தான். எட்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து என் காதில் விழுந்த முதல் சங்கீதம். வயிற்றுக்கோளாறே, உனக்கு நன்றி.

மார்ச் 6, வெள்ளி

விசாரணை. உள்ளே போகுமுன் சூப்பர்வைசர் என்னை ஓரங்கட்டினார். "அச்சே சரியில்ல, தானா அழிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு வாய மூடுங்க. பாக்கெட்டுல போட்டதா சொன்னீங்க, பிரஸ்ல நிக்கிற அத்தன பேரும் மாட்டுவாங்க. நானும் சேர்ந்து."

பொய் சொல்ல எனக்கு ஒருவர் பாடம் நடத்துகிறார்! மீனுக்கு நீச்சல்! ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்ததும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, பிறந்ததிலிருந்து முதல்முறையாக நடந்ததை நடந்தபடி சொன்னேன். மற்றவர்களை இழுக்காமல், என் பை, என் சட்டை, என் பிரஸ் என்று.

பாதுகாப்பு அதிகாரி முழுவதும் கேட்டார். பிறகு, "ஓடுதளத்தை ரொட்டியால் அடைத்ததாகச் சொன்ன ஆள் நீதானே?" என்றார்.

தலையாட்டினேன்.

முகமில்லாத பேட்ஜ் என்றால், படத்தை உரித்து வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறாய் என்றுதான் அர்த்தம் என்றார். அந்த உறையைக் கொண்டுவா, இல்லாவிட்டால் வியாழக்கிழமை விமானத்தில் ஏறு என்றார். பேச்சு அவ்வளவுதான்.

ஐம்பத்துநாலு வயதில், அழுக்கைப் பார்த்ததும் அது எண்ணெயா ரத்தமா மையா என்று சொல்லத் தெரிவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? இந்த நீராவியில்தான் அக்கா வீட்டு அடுப்பு எரிகிறது. அக்கா மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். சாயந்திரம் போனில் அவள், "என்ன மாமா, இப்ப எந்த ஜெனரலுக்கு யோசனை சொல்லிட்டிருக்க?" என்றாள்.

"ஒரே ஒருத்தருக்குன்னு சொல்ல முடியுமாம்மா? வரிசையில நிக்கிறாங்க" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் இன்றைக்கு.

மார்ச் 7, சனி

இன்று மாஸ்டரின் விமானம். அவன் போனால் எனக்கு எஸ்கார்ட் இல்லை, வியாழன்வரைகூடத் தாங்காது. விடியலிலேயே பெட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குக் கதவு தட்டியது. மாஸ்டர்.

"சீட்டு இல்லன்னுட்டாங்க. வாங்க, டீ குடிக்கலாம்."

இடமில்லாத விமானமே, நீ தீர்க்காயுசாக இரு!

மார்ச் 8, ஞாயிறு

அதிகாரிகள் குடியிருப்புக்குள் என்னை விட மாட்டார்கள். ஆனால் செவ்வாய்தோறும் அழுக்கு உறைகள் தானாகவே எங்களிடம் வரும். துவைப்பதற்குமுன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சொன்னேன். மாஸ்டர், "உங்க மூஞ்சி மேல தல வெச்சு ஒரு மனுசன் எப்படிண்ணே தூங்குவான்?" என்றான்.

பேசிவிட்டான்! எட்டு மாதத்துக்குப் பிறகு அவனாகக் கேட்ட முதல் கேள்வி. வசவாக இருந்தால் என்ன?

மார்ச் 9, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

போக்குவரத்து அலுவலகத்துக்கு மாஸ்டர் போனான், கட்டிய கன்றாக நானும் பின்னால். அங்கே இருக்கும் குமாஸ்தா நம் பாஷைக்காரன். அடுத்த சீட்டு எப்போது என்று மாஸ்டர் கேட்டதும், "ஏன் மாஸ்டர், சனிக்கிழம சீட்ட வேணாம்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? பாப்பா பொறந்து ஆறு மாசமாச்சு, இன்னும் மூஞ்சியக்கூட பாக்கல, அப்படி என்ன இங்க வெட்டி முறிக்கிறீங்க?" என்றான்.

"வாய மூடுறியா?" என்றான் மாஸ்டர், என்னைப் பார்க்காமல்.

சீட்டு இல்லையாம்! நானும் டீயைக் குடித்துக்கொண்டு விமானத்துக்கு ஆசீர்வாதம் பண்ணியிருக்கேன். அட லூசுப் பயலே – அவன இல்ல, என்னைத்தான் சொல்றேன். ஆறு மாசக் கொழந்த. எத்தன தடவ அந்தப் போன்ல பாத்துப் பாத்துச் சிரிச்சிருப்பான். நான் ஒருநாளாவது யாருன்னு கேட்டேனா?

வழியில் நிறுத்திக் கேட்டேன். "ஏன் மாஸ்டர் இப்படிப் பண்ணீங்க?"

"நான் ஏறியிருந்தா உங்களையும் அதே பிளேன்ல ஏத்திருப்பாங்க. அஞ்சு மணி நேரம் உங்க பக்கத்து சீட்டுல உக்காந்து உங்க கதையக் கேக்கணுமா? அதுக்கு இங்கயே கெடக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அவன் மறுபடி நடந்துகொண்டே சொன்னான்.

"ஓடுதளம்னு கூப்ட்டப்ப வலிச்சுதுண்ணே. இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக ஒரு ஆளோட சோத்துல மண்ணு விழறத வேடிக்க பாத்துட்டு நான் போயி புள்ளையக் கொஞ்ச முடியுமா?"

 

மார்ச் 10, செவ்வாய்

வண்டி வந்தது. சலவைக்கூடத்தின் மூலையில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நான் பிரிக்க, மாஸ்டர் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தான். முடி, எச்சில், முகப்பூச்சு, ஒன்றில் பாதி தின்ற மிட்டாய். ஒரு படையின் அந்தரங்கம் முழுவதும் எங்கள் மடியில். நூறில் முகமில்லை. இருநூறில் இல்லை. முந்நூற்று ஐம்பதிலும் இல்லை.

"வேற எங்கயாச்சும் விழுந்திருக்குமோ மாஸ்டர்?"

"எண்ணுங்கண்ணே. கல்லுல கடைசி ரொட்டி வேகற வரைக்கும் அடுப்ப அணைக்கக் கூடாது."

முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். உள்பக்க மூலையில், தபால்தலை அளவில், மங்கலாக, இடவலம் மாறி, திருட்டு முழியோடு – நான்!

"அண்ணே, இதுல கொஞ்சம் லட்சணமா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள்! எட்டு மாதச் சிரிப்பு வட்டியோடு வந்தது. இயந்திரங்கள் பதினாறும் நின்று கேட்டன.

உறையின் அறை எண்ணைப் பார்த்தேன். சாட்சாத் பாதுகாப்பு அதிகாரியின் அறை! ஏழு நாள் என் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கிவிட்டுத்தான் என்னை நம்ப முடியாது என்றிருக்கிறார்.

மார்ச் 11, புதன்

மேசைமேல் உறையை விரித்தேன். அவர் பேட்ஜின் வெள்ளைக் கட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து அளந்தார். முடிக்கு முடி பொருந்தியது. உடனே எழுந்து நின்று, குதிகால் இரண்டையும் சேர்த்து, எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்!

புது பேட்ஜ் வெள்ளிக்கிழமை. அதுவரை மாஸ்டர் என்னோடுதான். பேட்ஜை எங்கே வைத்திருந்தாய், ஏன் என்று விசாரணையில் அதிகாரி துருவிக் கேட்டதில் ஒரு நல்லதும் நடந்தது: பிரஸ்ஸில் நிற்பவர்களுக்கு இனிமேல் மேல்கையில் கட்டிக்கொள்ளும் பேட்ஜ் உறை. சூப்பர்வைசர் மூக்குக்கு ஓய்வு.

மார்ச் 12, வியாழன்

என்னை ஏற்றிப் போகவேண்டிய விமானம் நான் இல்லாமல் தலைக்கு மேலே போயிற்று. மத்தியானம் கேண்டீனில் நாற்காலிமேல் ஏறினேன்.

"மகாஜனங்களே! ஓடுதளக் கதை நான் கட்டிவிட்டது. மாஸ்டர் ரொட்டியால ஒரு விரிசலையும் யாரும் அடைக்கல. இந்த எட்டு மாசமும் அதை மெத்துமெத்துன்னு ரெண்டு கையாலயும் அள்ளித் தின்னவன் நான்தான். இனிமே அந்தப் பேரைச் சொல்றவன் துணியை நான் துவைக்க மாட்டேன்!"

கை தட்டினார்கள். கடைசி வார்த்தைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மாஸ்டர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "இறங்குங்கண்ணே, நாற்காலி ஒடஞ்சா அதுக்கும் நான்தான் கையெழுத்து போடணும்" என்றான். காது மட்டும் சிவந்திருந்தது.

மார்ச் 14, சனி

மாஸ்டர் போனான். அவனுடைய சட்டைகள் ஆறையும் நானே துவைத்து, நானே தேய்த்து, பைகளை மூன்றுமுறை தடவிப் பார்த்துப் பெட்டியில் வைத்தேன். பஸ் வரை போய் வழியனுப்பிவிட்டு, எஸ்கார்ட் இல்லாமல், தனியாகத் திரும்பி நடந்தேன். தனியாக நடப்பது இப்போது என்னவோ போல் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

மாஸ்டர் கூப்பிட்டான். "தூக்குனேண்ணே. ஊரே கூடற மாதிரி கத்துனா. அப்புறம் என் மூக்கப் புடிச்சிக்கிட்டே தூங்கிட்டா." பின்னால் அவன் மனைவி, "அந்த அண்ணன்கிட்ட குடுங்க, நான் பேசணும்" என்றது கேட்டது. திட்டத்தான் போகிறாள் என்று தயாரானேன். "நல்லா இருக்கீங்களாண்ணே, வேலை நிலைச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, நீராவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்கா மகளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். பன்னிரண்டாயிரம் சிப்பாய்களை நம்பினாள். மொத்தம் இரண்டாயிரம்தான். அதிகாரியின் தலையணையை நம்பினாள். அது யாரோ ஒரு பல் டாக்டருடையது. சல்யூட்டையும் நம்பினாள். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, முத்திரையைக் குத்திவிட்டு "அடுத்த ஆள்" என்றார். மாஸ்டர் தன் சீட்டை விட்டுக்கொடுத்து, பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் ஒரு வாரம் எனக்காகக் காத்திருந்தான் என்று சொன்னபோதுதான், "போ மாமா, இது ரொம்ப ஓவர்" என்றாள்.

அந்த ஒன்றைத்தான் நான் ஒரு எழுத்துகூடக் கூட்டாமல் சொன்னேன்.