உன் தம்பி அழித்த அமைப்புகள்

அன்புள்ளவளுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே?

உன் தம்பியை அடித்துவிட்டேன். பயப்படாதே, புருவத்தில் நான்கு தையல்தான்.

கறுப்புத் திரையில் நிரல் எழுதும் எடிட்டரில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்காக ஒரு மாதம் மெனக்கெட்டு எழுத்துரு, குறியாக்கம் என்று அதன் அமைப்புகளைச் சரிசெய்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் என் மேலாளன் என்ற திமிரில் அவன் அவற்றை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டான். வாடிக்கையாளர் முன்னால் தமிழெல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.

"எல்லாம் எங்க அத்தான் கைவரிசைங்க. அக்கா முகத்துக்காகத்தான் இவரை வச்சிருக்கேன்" என்று சிரித்தான்.

கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்தில் அறைந்தேன். கீபோர்டு இரண்டாக உடையும்வரை நிறுத்தவில்லை.

வேலை போய்விடும். அந்தக் கைகலப்பில் என் மூக்குக்கண்ணாடியும் நொறுங்கிவிட்டது. அலமாரியில் இருக்கும் பழையதை அனுப்பு. இந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான்.

கீழே உன் கணவன் என்று எழுதுவதா, உன் தம்பியை அடித்தவன் என்று எழுதுவதா? நீயே முடிவு செய். கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன்.