கடைசி முடிச்சை யார் போடுவது, சரோசா?

கண்ணான என் நாத்தனார் சரோசாவுக்கு,

நம் வீட்டுப் பிள்ளைகளின் கதையை முதலில் கேள். உன் அண்ணன் பேரன் மணி ஓசூரில் இஞ்சினியர். பெரிய பேத்தி செல்வி விழுப்புரத்தில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாதாம். சின்னவள் கவிதா திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறாள். போன வாரம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு அவளுக்குத்தான். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன்.

எதைப் பற்றிப் பேசினாள் தெரியுமா? நாம் மல்லாட்டைக் கடலை உரிக்கும்போது நீ எனக்கு வாசித்துக் காட்டுவாயே, அட்டை கிழிந்த அந்தப் பழைய நாவல்!

ஊர் ஒதுக்கி வைத்த மூன்று பேரின் கதை. தொழுநோய் வந்தவர், ஜெயிலுக்குப் போய்வந்த கிழவர், புருஷன் விரட்டிவிட்ட ஒரு பெண். ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்துக் குடிசை. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் ஒருவர் கதவை ஒருவர் தட்டமாட்டார்கள். நாம் போனால் அவர்களுக்குத் தொந்தரவு என்று அவரவர் உள்ளேயே கிடப்பார்கள். அந்த இடம் வந்தால் நீ நிறுத்திவிடுவாய். “தொண்டை கட்டிக்கிச்சி அண்ணி” என்பாய்.

அதைத்தான் கவிதா பேசினாள். ஊர் தள்ளி வைத்தது ஒரு நாள், அவர்கள் தங்களைத் தாங்களே தள்ளி வைத்துக்கொண்டது ஆயுசு முழுக்க என்றாள். என் மருமகள் லதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அழுத ஈரம் காயவில்லை சரோசா. கோலியனூர் திரும்பும் வழியில், வேனிலேயே ஆரம்பித்தாள். ஆவணியில் மணிக்குக் கல்யாணம். தாலியின் கடைசி முடிச்சை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள்தானே போடவேண்டும்? செல்விதான் மூத்தவள். ஆனால் அவள் போன வருஷம், குடித்துவிட்டு அடித்தவனைக் கோர்ட்டில் தீர்த்துவிட்டு வந்தவள்.

“அத்தை, முடிச்ச கவிதாவே போடட்டும். செல்வி வேணாம். நல்ல காரியம் பாருங்க.”

செல்வி பின் சீட்டில்தான் இருந்தாள். “ஆமா ஆயா, நான் பந்திய பாத்துக்கினு இருக்கேன். எதுக்குப் பேஜாரு?” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உன் சின்ன அண்ணன் கல்யாணத்தில் உன் அம்மா உன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தபோது நீயும் இப்படித்தான் சிரித்தாய். “நான் சமையக்கட்ட பாத்துக்கினு இருக்கேன் அண்ணி.” என் கழுத்தில் முடிச்சுப் போட்டதும் அதே கைதானே? அது அவிழ்ந்தா போய்விட்டது? உன் அண்ணன் அன்றைக்கும் வேனில் எனக்கு முன்னால் உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். நீ புருஷனை விட்டு வந்ததும் அந்தக் கைக்கு மட்டும் என்ன ஆனது? அதற்குப் பிறகு நீ செத்த அன்றைக்குத்தான் உன்னை நடுவீட்டில் வைத்தார்கள்.

“லதா, இவ்ளோ நேரம் யாருக்குடி அழுத? ஏரிக்கரைப் பொம்பளைக்கா? அவ காகிதத்துல இருக்கா. இவ உன் வயித்துல பொறந்தவ.”

“ஊர் வாய யாரு மூடறது அத்தை?”

“மொதல்ல நீ மூடு!”

கவிதா மடியில் பரிசுக் கோப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். “உனக்கென்னடி, வாயில கொழுக்கட்டையா? மேடையில அந்தப் பேச்சு பேசினியே!” என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

“நான் போட மாட்டேம்மா. அக்காதான் போடணும்.”

அந்தப் பேச்சுக்குக் கைதட்ட வேனில் என்னைத் தவிர ஆளில்லை. ஆனால் செல்வியே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். “வுடு ஆயா, எனக்கு ஒண்ணும் இல்ல.”

உன்மேல்தான் எனக்குக் கோபம் சரோசா. ஏன் சிரித்துக்கொண்டே விலகினாய்? ஒரு நாளாவது கத்தியிருக்கக் கூடாதா? நீ விலகிக்கொடுத்ததால் இந்த வீடு நல்ல வீடு என்றே பேர் வாங்கிவிட்டது. யாரும் உன்னைத் தள்ளவேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டதே!

இன்று காலை செல்வியிடம் உன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அப்புறம் அவங்க மணவறைகிட்ட வரவே இல்லியா ஆயா?”

“இல்ல.”

அவள் எழுந்துபோய்ப் பாவாடை நாடா ஒன்றைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள். “எப்படி ஆயா இறுக்கறது? அன்னிக்கிக் கழண்டுக்கினா மானம் போயிடும்” என்றாள். அடுப்படியில் லதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்கட்டும்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கெட்டிமேளம் கொட்டும்போது செல்வியின் கையைப் பிடித்து இழுக்க எவள் வந்தாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும். மணியிடமும் சொல்லிவிட்டேன்: அக்கா முடிச்சுப் போடும்போது அவள் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, பெரிதாகப் போட்டு, எனக்குத் தபாலில் அனுப்பிவிடு. போனில் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோபம் தணியாத உன் அண்ணி,
பவுனம்மாள்