பதின்மூன்றாம் காம்பராவின் முகாமைப் பணிப்பாளருக்கு

காலையில் தபால்காரர் வந்தார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல் படியேறி, நேரே மாட்டுப்பட்டிக்கே வந்து பதிவுத் தபாலை நீட்டினார். உறையின் மேல் உன் பெயர். அதற்குக் கீழே 'முகாமைப் பணிப்பாளர், இலக்கம் 13, பன்னிரண்டு காம்பரா லயம்' என்று அழகாக அச்சடித்திருந்தது. கொழும்பில் முத்திரை குத்தி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. உனக்கு வந்ததை நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பசு லெச்சுமியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வழக்கம்போல அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. கொழும்புக்காரர்களின் கோப்பில் நம் கம்பனியை நடத்தும் முகாமைப் பணிப்பாளர் இன்னும் நீதான். திருத்தச் சொல்லி எழுத வேண்டும். எழுதுவேன், அவசரமில்லை. நான் 'அவசரமில்லை' என்று சொல்வதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நம் இருவரில் அவசரக் குடுக்கை நான்தானே. தேத்தண்ணி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவள் நான். நீயோ குடித்து முடித்த பிறகும் கோப்பையைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிறவள். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்துக்கு நடந்து, கடைசியில் ஒரே கம்பனியையும் தொடங்கினோம்.

தொடங்கி வைத்தது உன் அம்மாவின் மூக்குக் கண்ணாடி. நான் கொழும்பில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த நேரம் அது. நீ ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாய். கண்ணாடிப் பொதி இரண்டு தடவை கொழும்பிலிருந்து வந்து இரண்டு தடவையும் திரும்பிப் போனது. தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களுக்கென்று தனி முகவரி ஏது? எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர்தான். தபால் போய்த் தோட்டத்து ஆபிசில் விழும். பொதி கொண்டுவரும் வேன்காரர் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு போன் அடிப்பார், இங்கே சிக்னல் இருக்காது, அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

"நாம இங்க இருக்கோம்னு நமக்குத்தான் தெரியுது. ரோட்டுக்குத் தெரியலையே" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கிக்கொண்டு லயம் லயமாக நடக்க ஆரம்பித்தாய். வட்டவளையில் தொடங்கி, வாராவாரம் ஒரு தோட்டம் என்று நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் போனாய். அட்டை கடித்த காலோடு திரும்பி வருவாய். வீட்டுக்கு வீடு ஒரு இலக்கம், வரும் பாதை, ஒரு அடையாளம். அத்தோடு விட்டாயா? 'நாய் உண்டு. கடிக்காது. செருப்பைத் தூக்கும்.' 'மழை நாளில் கீழ்ப்படி வழுக்கும், மேலால் வரவும்.' 'இந்த அக்கா தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார், அரை மணி கூட்டிக்கொள்ளவும்.' இதையெல்லாம் நான் போனில் பார்க்கும் வரைபடமாக மாற்றினேன். ஹட்டன் பஜார்க் கடைக்காரர்கள் அதைப் பார்த்து லயத்து வாசலுக்கே சாமான் அனுப்பத் தொடங்கினார்கள். உன் அம்மாவுக்கும் கண்ணாடி வந்து சேர்ந்தது.

தொழில் பெருத்ததும் கம்பனியாகப் பதிய வேண்டும் என்றாய். படிவத்தில் முதல் கேள்வியே நம்மை மடக்கிவிட்டது. பதிவு அலுவலகத்தின் முகவரி என்ன? ஊருக்கெல்லாம் முகவரி கொடுத்த நமக்கு முகவரி இல்லை. உன் காம்பராவில் ஏற்கனவே ஆறு பேர், என் காம்பராவில் ஏழு பேர். நீ ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, லயத்து ஓரத்தில் இருந்த உங்கள் மாட்டுப்பட்டியைப் பாதியாகத் தகரம் வைத்து மறித்தாய். சுண்ணாம்பு அடித்து, ஒரு மேசை போட்டு, வயரிழுத்தாய்.

"பன்னண்டு காம்பரா முடிஞ்சா அடுத்து இதுதானே. பதிமூணு" என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் எழுதினாய். நம் வரைபடத்திலும் அன்றைக்கே அந்த இலக்கத்தைப் போடச் சொன்னாய்.

உறுதிப்படுத்த வந்த கிராம சேவகர் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது யார் என்று சிங்களத்தில் கேட்டார். அவரும் ஒரு பங்குதாரர்தான் என்று நீயும் சிங்களத்திலேயே, முகம் மாறாமல் சொன்னாய். அந்த மனிதர் சிரித்துச் சிரித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

நமக்குள்ளேயும் ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று நீ நின்றபோது எனக்குக் கோபம் வந்தது.

"சிநேகிதிங்களுக்குள்ள எதுக்குடி பத்திரம்?"

"சிநேகிதியா இருக்கத்தான்டி" என்றாய்.

அதில் நீ சேர்த்த ஒரு வாசகம் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு. பதிவு அலுவலகத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதென்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். "இல்லாட்டி நீ அவசரத்துல டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிருவ" என்றாய். உண்மையில் அந்த எண்ணம் எனக்கு இருந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். கொழும்பில் பொதி விநியோகிக்கும் ஒரு பெரிய கம்பனி நம்மோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று எழுதியது. முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் வானத்தில் பறந்தேன். நீ மட்டும், "காட்டலாம். ஆனா இத ரகசியமா வச்சிருப்போம், நாங்களா எடுத்துக்க மாட்டோம்னு ஒரு கடுதாசில மொதல்ல கையெழுத்து வாங்கு" என்றாய். அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று எனக்குப் பயம். நீ கந்தோருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், முழு வரைபடத்தையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து மூச்சுப்பேச்சு இல்லை.

பல மாதம் கழித்து அவர்களிடமிருந்து வந்தது, வழக்குப் போடுவோம் என்று மிரட்டும் ஒரு கோரிக்கைக் கடிதம். வந்தது என்று சொல்வதும் பிழை, நமக்கு வரவில்லை. பதிவுத் தபால் தோட்டத்து ஆபிசில் இறங்கியது. பெரிய கிளாக்கர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். லயத்தில் முகாமைப் பணிப்பாளரா? தோட்டத்தை நடத்தும் கம்பனியின் பெரியவருக்கு வந்தது போல என்று நினைத்து, பையில் போட்டுக் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே அது மேசை மேசையாக உலாத்திவிட்டு, 'இது எங்களுக்குரியதல்ல' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கடைசியில் உறையில் இருந்த பெயரை விசாரித்துப் பெரிய கிளாக்கர் நம்மைக் கூப்பிட்டபோது பதில் சொல்லக் கொடுத்திருந்த பதினான்கு நாளில் பன்னிரண்டு நாள் போயிருந்தது.

"ஏம்மா, பன்னண்டு காம்பரா லயத்துல பதிமூணாம் நம்பருன்னா நான் எங்க போய்த் தேடுவேன்? பெரிய ஆளுங்களுக்குத்தான்னு மேல அனுப்பிட்டேன்" என்றார் பாவம்.

"அனுப்புனது சரிதாங்கய்யா. முகாமைப் பணிப்பாளரு இந்த வாட்டி கீழ இருக்காங்க" என்றாய் நீ.

கடிதத்தை மாட்டுப்பட்டிக்குக் கொண்டுவந்து, முதல் பக்கத்தை நான் அவசரமாக வாசித்தேன். வரைபடம் அவர்களுடையதாம். நாம் கம்பனி பதிவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அவர்கள் தயாரித்ததாம். நாம் அதைத் திருடிவிட்டோமாம். உடனே நிறுத்தி, எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு. நீ கொப்பியை எடுத்துவரக் காம்பராவுக்குப் போன பத்து நிமிடத்தில், நான் மன்னிப்புக் கடிதமே எழுதி முடித்துவிட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது, நீக்கிவிடுகிறோம் என்று.

நீ வந்து திரையைப் பார்த்தாய்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்ல வேள. செய்யாத தப்ப ஒத்துக்கிட்டு இதுல ஒரு வரி போனாலும் போதும். நான் நடந்த நடையெல்லாம் அவங்களுதாயிரும்."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நாம் இழக்கப் போவது ஒரு கம்பனியை மட்டுமல்ல. நீ ஞாயிறு ஞாயிறாக மழையில் நடந்து எழுதிய ஒவ்வொரு வாசலும் அந்த ஒரு வரியில் போயிருக்கும்.

நீ கடிதத்தை வாங்கி, எப்போதும்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாய். "முன்பக்கத்துல அவங்க பேசுறது இருக்கும். கடைசிப் பக்கத்துலதான் செய்யப் போறது இருக்கும்" என்பாய். கடைசிப் பக்கத்தில் சான்றாக அவர்கள் வரைபடத்தின் ஒரு துண்டை இணைத்திருந்தார்கள். அது நம் தோட்டம்தான். உன் விரல் லயத்தின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தது. பன்னிரண்டைத் தாண்டி நின்றது. பிறகு நீ வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"மாட்டுப்பட்டிக்குப் பதிமூணுன்னு நம்பர் போட்டது யாரு?"

"நீதான்."

"எப்போ?"

"கம்பனி பதிஞ்சப்போ."

"அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தியே இவங்க வரைஞ்சிட்டாங்களாம்டி."

அவர்கள் சொல்லும் காலத்தில் பதின்மூன்று என்று ஒரு இலக்கமே கிடையாது. அந்த இடத்தில் குடியிருந்தது லெச்சுமி மட்டும்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இனி மறைக்க முடியாது என்று மின்னஞ்சல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"சரி, அந்த மெயிலையும் எடுத்து வை. என்னைக்குக் குடுத்தோம்னு அதுலதான் இருக்கு" என்றாய். உன்னிடம் எனக்குப் பிடித்த பத்து விஷயங்களைச் சொல்லச் சொன்னால் முதலில் இதைத்தான் சொல்வேன். என் மடத்தனத்தைக்கூட நீ வீணாக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். உன் கந்தோர்ச் சட்டத்தரணி, நீ லோயர் மிஸ் என்று கூப்பிடுகிறவர், கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். செருப்புத் தூக்கும் நாயிடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "இத யாரும் கொழும்புல உக்காந்துகிட்டு எழுத முடியாதும்மா" என்றார். மழையில் மை கலைந்த பக்கம், அட்டைக்கடி ரத்தம் பட்ட பக்கம், எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். எல்லாம் நானே நடந்து எழுதியது என்று நீ சத்தியக் கடதாசி முடித்தாய். பெரிய கிளாக்கரும் தன் முத்து முத்தான எழுத்தில், அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பராதான் உண்டு, பதின்மூன்று என்று தோட்டம் எதற்கும் இலக்கம் கொடுத்ததில்லை என்று எழுதித் தந்தார். பதினான்காம் நாள் மாலைக்குள் பதில் அவர்கள் கைக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் கோரிக்கையை மீளப் பெறுவதாகவும், அந்த வரைபடத்தை நீக்கிவிட்டதாகவும் இரண்டு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் பெரிய கிளாக்கர் பெயின்ட் டின்னும் தூரிகையுமாக வந்து, மாட்டுப்பட்டிப் பலகையில் தானே 13 என்று எழுதிவிட்டுப் போனார். "இனிமே எனக்குக் கொழப்பம் வேணாம்" என்றார். அந்த இலக்கம் ஆபிஸ் பட்டியலிலும் ஏறியது.

உனக்கு வந்த காய்ச்சலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் நீட்டிய படிவத்தைக்கூடக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்து நர்ஸைச் சிரிக்க வைத்தாயே, அதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. உன்னை நினைத்தால் அழுகை வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுது முடிப்பதற்குள் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறாய்.

இன்று வந்த கடிதம் அதே கொழும்புக் கம்பனியிடமிருந்துதான். நம் வரைபடத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமாம். இந்த முறை முறையாகக் கேட்டு, ஒப்பந்த நகலும் இணைத்திருக்கிறார்கள். முதல் பக்கம் முழுக்க மரியாதை. நான் அதைத் தொடவே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கீழே பொடி எழுத்தில், இனிமேல் வரைபடத்தில் சேர்க்கப்படும் வீடுகள் யாவும் அவர்களுக்கே உரித்து என்று இருந்தது. சிவப்புப் பேனையை எடுத்து, அந்த வரியை ஆற அமர அடித்தேன். ஓரத்தில், 'நடந்தவர்களுக்கே உரித்து' என்று எழுதினேன். அடுத்த பஸ்ஸுக்கு ஓடவும் இல்லை. தேத்தண்ணி ஆறும்வரை இருந்து குடித்தேன்.

இப்போது ஹட்டனில் மாடியில் நமக்கு ஒரு ஆபிஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இன்னும் நாலு பேரும் கொப்பியோடு நடக்கிறோம். பதிவு முகவரியையும் டவுனுக்கு மாற்றலாம், உன் இடத்தில் உன் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் லோயர் மிஸ். உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மாத்திட்டா லெச்சுமிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். எனக்கும் மாற்ற மனமில்லை. நீ கேட்டபடி நம் இருவரின் கையெழுத்தும் இல்லாமல் இந்த இடம் மாறாது.

இந்தக் கடிதத்தைப் போட ஒரு உறையை எடுத்து, முகவரி எழுத வந்தபோது பேனை நின்றுவிட்டது. நீ இருக்கும் இடத்துக்கு முகவரி யாருக்குத் தெரியும்? பிறகு யோசித்தேன். நீ அங்கே சும்மாவா இருப்பாய்? போன முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியோடு கிளம்பி, வாசல் வாசலாக எல்லோருக்கும் இலக்கம் போட்டிருப்பாய். உன் இலக்கம் என்னவாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உறையில் உன் பெயரின் கீழே 13 என்று எழுதிவிட்டேன்; இதை மடித்துப் போட்டு உன் முதல் கொப்பிக்குள் வைக்கப் போகிறேன். அந்தக் கொப்பி எப்போதும் என் பையில்தான் இருக்கிறது.