ஜெனிற்றாவின் பெயரைத் தேடினால்

2007 நவம்பர் 5, திங்கள்

ஈரப் பனி. கார்க் கண்ணாடி சுரண்டும் தகடு எங்கே வைத்தேனோ.

உறுதியானது: சூசைப்பிள்ளையின் மரண அறிவித்தல் நம் வாரப் பத்திரிகையின் இணையத்தளத்தில் இருந்து நீக்கப்பட்டது. சொன்னது தளத்தைக் கவனிக்கும் ரமணன்.

நீக்கச் சொன்னவர் இறந்தவரின் மகள் ஜெனிற்றா. அடித்த கணவனை விட்டு, பிள்ளைகளுடன் ரொறன்ரோவில் இருந்து இங்கே மொன்றியலுக்கு வந்தவர். எந்த நகரம் என்று அவனுக்குத் தெரியாது. தகப்பன் இறந்தது யாழ்ப்பாணத்தில். போரால் பாதை பூட்டு, செத்தவீட்டுக்கு இங்கிருந்து யாரும் போகவில்லை. அண்ணன் அன்ரன் தந்த அறிவித்தலில் வழமைபோலப் பிள்ளைகளின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஊர்: ஜெனிற்றா (மொன்றியல்). கீழே, வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே நடக்கும் முப்பத்தோராம் நாள் பூசை, கோவில், நேரம். ஆங்கிலத்திலும்.

"பேப்பர் இஞ்சத்தைக் கடையளிலைதானே கிடக்கும் எண்டு நினைச்சன், அண்ணை. நெற்றிலையும் போடுவியள் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் அன்ரன்.

6, செவ்வாய்

தகடு வாங்க வேண்டும். பால். பிரஷர் மாத்திரை.

ரமணனின் கணினி பிரெஞ்சு அமைப்பில். ஜெனிற்றாவின் முழுப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தான். ஒரு பாடகி, ஒரு பூக்கடை. நம் பக்கம் இல்லை.

"முடிஞ்சுது, அண்ணை. சும்மா பயப்பிடுறியள்."

ஒரு மூலம் போதாது. ரொறன்ரோ, ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் செல்வத்தைத் தொலைபேசியில் பிடித்து, அதே பெயரை அடிக்கச் சொன்னேன்.

"முதலாவதே உங்கடை பேப்பர்தான். அமத்தினா பக்கம் இல்லை எண்டுது. பக்கத்திலை சேமிச்ச பிரதி எண்டு ஒண்டு... ஓம், முழுக்கக் கிடக்கு. பூசை நேரமும் கிடக்கு."

இடத்துக்கும் மொழிக்கும் ஏற்ப வரிசை மாறுகிறது. எப்படி என்று தேடுபொறி நிறுவனம் சொல்வதில்லை. இங்கே பார்த்துவிட்டு ஜெனிற்றாவிடம் 'இல்லை' என்று சொல்லியிருப்போம்.

7, புதன்

சேமித்த பிரதியையும் நீக்கும்படி நிறுவனத்துக்குக் கோரிக்கை. பதில்: பரிசீலனையில். பேச ஒரு மனிதர் இல்லை.

அவர்களின் அந்தரங்கக் கொள்கையை முழுவதும் வாசித்தேன். தேடும் சொற்கள் பதிவாகுமாம். நாங்கள் மூவரும் நேற்று முதல் அவர் பெயரையே அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கணவன் தேடினானா என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். நமக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லவும் கூடாது.

8, வியாழன்

தகடு வாங்கியாயிற்று. பனி கரைந்துவிட்டது.

டோர்வல், விமான நிலையத்துக்குப் பக்கம். ஜெனிற்றா விமானச் சாப்பாடு கட்டும் வேலை முடிந்து வந்தார். அன்ரனும் வந்திருந்தார். கோப்பி.

"அறிவித்தலைத் திரும்பப் போடேக்கை என்ர பேரை எடுத்துவிடுங்கோ," என்றார் ஜெனிற்றா.

"மகளின்ர பேர் இல்லாமல் அப்பான்ர அறிவித்தலோ? சனம் என்ன கதைக்கும்?"

"அடி விழேக்கை சனமோ வந்து வாங்கினது, அண்ணா?"

அன்ரன் தங்கச்சியின் கோப்பியை எடுத்துக் குடித்தார். தன்னுடையது முன்னால் ஆறிக் கிடந்தது.

"பூசையை மாத்துவமோ? பங்குச் சுவாமியிட்டைக் கேக்கிறன்."

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. அப்பாவைப் பெட்டிக்குள்ளையும் பாக்கேல்லை, அண்ணா. இதிலையாவது எல்லாரோடையும் நிக்கோணும். இல்லாட்டி இதுக்கும் ஒளிச்சிருக்கோணும்."

பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். அவன் வந்தால் அழைக்கச் சொன்னார்களாம்.

10, சனி

காலை செல்வம்: "இஞ்சை இப்ப ஒண்டும் இல்லை. பிரதியும் போயிட்டுது."

ரமணன் தன் கணினியை ஆங்கில அமைப்புக்கு மாற்றிப் பார்த்தான். இங்கே இன்னும் இருக்கிறது. நிறுவனத்தின் பதில் மாறவில்லை: பரிசீலனையில்.

இரண்டையும் ஜெனிற்றாவிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னேன். எங்கே இல்லை, எங்கே இருக்கிறது, எது தெரியாது.

"அவன் ஏற்கெனவே பாத்திருந்தா?"

"தெரியாது, பிள்ளை."

பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை.

"சட்டையளை அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறன். வாறதோ இல்லையோ எண்டு விடியத்தான் சொல்லுவன்."

நாளை, அவன் வருகிறானா என்று பார்க்க, அன்ரனும் சுவாமியாரும் கோவில் வாசலில் நிற்பார்கள். நானும். பூசை பதினொரு மணிக்கு. ஜெனிற்றாவின் முடிவு ஒன்பதுக்கு முன்.