தலைவருக்காக நாம் போட்ட சண்டை

இன்று காலை பினாங்கு ஜார்ஜ்டவுன் காப்பிக்கடையில், மேசைமேல் கிடந்த பேப்பரின் முதல் பக்கம் முழுக்க அவர் முகம். நாட்டைப் பல வருசம் ஆண்ட தலைவர் போய்விட்டார். காப்பி வருவதற்குள் என் கை கைப்பையில் போனைத் தேடியது, உனக்குச் சொல்ல. பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். நான் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். சில நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, நீயே மீன்குழம்போடு வந்து நின்றிருப்பாய்.

நீ பைராம் ரப்பர் தோட்டத்திலிருந்தும் நான் சுங்கை பாக்காப்பிலிருந்தும் வேலைக்கு வந்து, கெலுகோரில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். விடியுமுன் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரி பஸ். பிறகு பொழுதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. பேக்டரிகளைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பாய். "அவரு இல்லன்னா நானும் எங்கம்மா மாதிரி ரப்பர் மரம் சீவிக்கிட்டு இருப்பேன்." முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டினாய். யூனியன் கேட்டால் கம்பெனிகள் ஓடிவிடும் என்று அவர் ரேடியோவில் பேசிய அன்று, நான் அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நீ அதை நேராக்கினாய்.

யூனியன் வேண்டும் என்று பேசிய எங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீ எங்களோடு சேரவில்லை. ஊரில் உன் தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். நான் வேலை தேடி அலைந்த மாதங்களில் எனக்கும் சேர்த்துச் சமைத்தாய்.

அப்போதுதான் அவர் பினாங்கு வந்தார். லீவு போட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனாய். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னாய்:

"அவருகிட்ட உன்னைப் பத்தி சொல்லிட்டேன்டி. என் கூட்டாளிய நிப்பாட்டிட்டாங்க, அவ நல்லா வேலை செய்வான்னு சொன்னேன். தலையாட்டினாரு."

"தலையாட்டினா வேலை வந்துருமா?"

"பாப்பாருலா. பெரிய மனுசன், ஆயிரம் ஜோலி இருக்கும்."

வேலை வரவில்லை. நான் துணிக்கடையில் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள் என்று நாம் வேறு வேறு வீட்டுக்குப் போனபின்னும் அவர் பேச்சு வந்தாலே நமக்குள் சண்டைதான். மைக்ராஸ்கோப் பார்த்தே உன் கண் மங்கியபோதும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "கண்ணு போனா என்ன, பிள்ளைங்க படிச்சிருச்சுங்கல்ல" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், உன் மகள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் என் கையைப் பிடித்தாய்.

"அன்னைக்கு அவரு தலையாட்டலடி. என்னைப் பாக்கவே இல்ல. நான் பேச வாயெடுக்குறதுக்குள்ள காவலுக்கு நின்னவங்க ஓரமா தள்ளிட்டாங்க."

"அப்புறம் ஏன் இத்தனை வருசம் அவருக்காக எங்கிட்ட சண்ட போட்ட?"

நீ கையை விடவில்லை. "அவரு பாக்கலங்கறதுக்காக, எனக்குக் கெடச்ச வேலை இல்லன்னு ஆயிருமா?"

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன். 

காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் அவரைப் பற்றித்தான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். என்னைத் தெரிந்த ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. பேக்டரியில இருந்தவங்கதானே?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "அவரு இல்லன்னா எங்கள்ல பாதிப் பேரு மரம் சீவிக்கிட்டு இருந்திருப்போம்" என்று வந்தது. உன் குரலில் வந்ததுபோல் இருந்தது. திடுக்கிட்டு, "யூனியன் கேட்டதுக்கு எங்களத் தெருவுல நிப்பாட்டினதும் அவரு ஆட்சிதான்" என்றேன். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. திரும்பிக்கொண்டார்கள். ஆறிய காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் டிவியைப் போட்டேன். அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் பெருங்கூட்டம். அதில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். பார்க்க முடியாமல் அணைத்துவிட்டேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று இனி யார் கேட்டாலும் என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. எனக்காக ஒருத்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் போனாள். அவள் சொல்லப் போனதை அவர் கேட்கவில்லை. நான்தான் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.