அப்பாவின் கருப்புக் கார்

வெஸ்லின் அப்பா,

சோறு வடித்துவிட்டேன், பருப்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெஸ்லினைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே கம்பெனிக்குப் போகிறேன்.

நேற்று நீங்கள் குளிக்கும்போது உங்கள் போன் அடித்தது. எடுத்தேன். அத்திப்பள்ளியில் பழைய கார் வாங்கி விற்கிறவராம். “பாலிஷ் ஆய்தா, முடிஞ்சுதா மேடம்? நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து வண்டிய எடுத்துக்கறேன்” என்றார்.

“மாமா வண்டிய புதுசு மாதிரி ஆக்கிடலாம் கெசி” என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சொன்னீர்களே! அதை நம்பி, எங்கள் கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் கற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கிளேஸ் தடவினால் மெல்லிய கோடுகள் மறையும், மேலே வாக்ஸ் போட்டால் பளபளப்பு நிற்கும் என்று. முகம் தெரிகிற அளவுக்கு மின்னியதும் கைதட்டிய பைத்தியக்காரியும் நான்தான். என் அப்பா இறந்தபின் காரின் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றச் சொன்னவளும் நான்தான்.

இன்று நீங்கள் எழுவதற்கு முன்பே, பாத்திரம் கழுவுகிற லிக்விடைக் கரைத்து மூன்று முறை காரைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். வாக்ஸும் போயிற்று, கிளேஸும் போயிற்று. அப்பா தினமும் துண்டால் துடைத்துத் துடைத்து விழுந்த கோடுகள் அத்தனையும் திரும்ப வந்துவிட்டன.

சாவி ஃப்ரிட்ஜ் மேல். அவர் வந்தால் காபி கொடுங்கள். காரை நிழலில் காட்டாதீர்கள், வெயிலில் நிறுத்திக் காட்டுங்கள்.

கெசியா

தயிர் இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்கப்போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அழுதுகொண்டாவது நானே கிளேஸ் தடவிக் கொடுத்திருப்பேன்.