சயான் சிக்னலில் நியூட்ரல்

தாராவி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அத்தானுக்கு,

ரீனா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே தோஹாவில் உங்களுக்கும் அவரே துணையாக இருக்கட்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிறது. நீங்களும் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு இந்த முறையும் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னீர்கள். போன வருடமும் அதே பதில்தான்.

அது கிடக்கட்டும். டாக்ஸி கம்பெனியில் எனக்கும் மாஹிம் நுஸ்ரத்துக்கும் சேர்த்து ஒரு ஹைபிரிட் வண்டி கொடுத்திருக்கிறார்கள். காலையில் நான், மாலையில் அவள். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. வண்டி செத்துக் கிடக்கிறது என்று மறுபடி மறுபடி அமுக்கினேன். நுஸ்ரத் சிரியோ சிரியென்று சிரித்தாள். கிளம்பும்போது பேட்டரி மோட்டார் இழுக்கிறது. வேகம் ஏறினால் பெட்ரோல் இன்ஜின் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. கிளட்ச் கிடையாது. பிளக்கில் மாட்டிச் சார்ஜ் போடவும் வேண்டாம். பிரேக் மிதித்தால் சக்கரம் அந்த மோட்டாரைச் சுழற்றி, கரண்ட் உண்டாகி, பேட்டரிக்கே போய்விடுகிறது. உங்களைப் போன்ற டீசல் லாரி மெக்கானிக்குக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான் போல இருக்கும்.

ஆனால் நீங்கள் ஓட்டப் பழக்கிய கை சும்மா இருக்குமா? பாலம் இறங்கினால் நியூட்ரல், சிக்னலில் நியூட்ரல், பெட்ரோல் மிச்சம் என்பீர்களே. அப்படியே செம்பூர் பாலத்தில் நியூட்ரலில் இறங்கி, சயான் சிக்னலில் ஏசியோடு நெடுநேரம் நியூட்ரலிலேயே நின்றேன். பேட்டரி இறங்கி வண்டி கத்தத் தொடங்கியது. மாட்டுங்கா போகவேண்டிய மாமி, "என்னம்மா, நடுவழியில இறக்கி விட்டுடுவியா?" என்று பதறிப்போனார். நியூட்ரலில் இருந்தால் இன்ஜின் ஓடினாலும் பேட்டரிக்கு ஒன்றும் போய்ச் சேராதாம், இருப்பதும் கரையுமாம். "பழைய வண்டிப் பழக்கத்த விடுங்க பெஹன்" என்று தங்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னார் ஒர்க்‌ஷாப் ஷாகிர் பாய்.

அன்று திரும்பும் வழியில், அந்த நியூட்ரலை நினைக்க நினைக்க உங்கள் "பார்க்கலாம்" நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

இந்த வண்டியில் இன்னொரு கஷ்டம். சத்தம் இல்லாததால் பின்னால் இருப்பவர்கள் போனில் வீட்டாரோடு பேசுவதெல்லாம் காதில் விழுகிறது. குடை எடுத்தாயா, சாப்பிட்டாயா, எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று. என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை. ஒருத்திக்கு மட்டும் ஆக்க மனம் வராமல் பல நாள் வடாபாவ் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தால் பொழுதே போவதில்லை.

வருவதென்றால் வாருங்கள் அத்தான். வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். இல்லை, தாங்கமாட்டேன். ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் காக்கட்டும். காத்து, இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ரீனா ஸ்டெர்லின்